கவுட் வலி போய் ஐந்தாவது வாரம் அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக். ரத்தக்குழாய் அழற்சி பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

காவிரிக்கரை · ஞாயிறு, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். நாலு வருஷமா இந்தக் குழுவை வாசிக்கிறேன், எழுதுறது இதுதான் முதல் தடவை.

அப்பாவுக்கு 61 வயசு. கும்பகோணம் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதியவர். பன்னிரண்டு வருஷமா கவுட் இருக்கு, யூரிக் ஆசிட் கூடி மூட்டு வீங்குற நோய். வருஷத்துக்கு ரெண்டு தடவை வலது கால் கட்டைவிரல் வீங்கும். சித்திரையில் வந்தது கொஞ்சம் கடுமை. படுத்தவர் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துட்டார். மூட்டு பழுத்த மிளகாய் மாதிரி சிவந்து மினுமினுன்னு இருந்துச்சு. போர்வை ஓரம் பட்டாலே துடிக்கிறார். ஃபேன் காத்து கூட வேண்டாம், நிறுத்துன்னார். வழக்கம்போல தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி, மெடிக்கலில் அஞ்சு நாளைக்கு டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை. வீக்கம் வடிஞ்சு விரலைச் சுத்தித் தோல் உரிஞ்சது. அதோட நாங்களும் மறந்துட்டோம்.

அதுக்கு அஞ்சாவது வாரம், விடியக்காலை நெஞ்சை அடைக்குதுன்னார். வாயுன்னு நினைச்சு அம்மா ஓமத் தண்ணி கொடுத்தாங்க. வேர்வையில் பனியன் நனைஞ்சதைப் பார்த்துதான் ஆட்டோ கூப்பிட்டோம். ஈ.சி.ஜி., ட்ரோபோனின் ரத்த டெஸ்ட், அன்னைக்கே ஆஞ்சியோ. இடது பக்கப் பெரிய குழாயில் 90 சதவீத அடைப்பு, ஒரு ஸ்டென்ட். இப்ப வீட்டில் நல்லா இருக்கார்.

என்னை உறுத்துறது இதுதான். டிஸ்சார்ஜ் சம்மரியில் பி.பி. இருக்கு, எப்பவோ விட்ட பீடி இருக்கு, கவுட் என்ற வார்த்தையே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை, நாங்களும் சொல்லலை. யூரிக் ஆசிட் 9.1. சித்தப்பா பையன் எங்கேயோ படிச்சுட்டு, "கவுட் இருக்கிறவங்களுக்கு ரத்தக்குழாய் அழற்சி வருமாம்"னு சொன்னான். தேடினா "வாஸ்குலைட்டிஸ்"னு பயமுறுத்துற படங்களா வருது. அப்பாவுக்கு அதுதானா? கால் விரல் வலிக்கும் இதயத்துக்கும் நிஜமாவே தொடர்பு இருக்கா?

பழைய_போஸ்ட்மாஸ்டர் · ஞாயிறு, இரவு 9:50

அப்பா நலமாக வந்தது பெரிய விஷயம் அம்மா. எனக்கும் இருபது வருடமாக கவுட். முதலில் பருப்பு, தக்காளி, பசலைக்கீரை, காலிஃபிளவர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். நான் சாம்பாரை விட்டு எட்டு வருடம் ஆகிறது.

பனையோலை · திங்கள், காலை 6:35

காவிரிக்கரை, நான் மூட்டுவாத மருத்துவர். மதுரையில் வேலை. உங்கள் அப்பாவைப் பார்க்காமல் அவருக்கான சிகிச்சையை நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். "ரத்தக்குழாய் அழற்சி" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு விஷயங்களைத் தமிழில் எழுதிவிடுகிறோம். நீங்கள் படத்தில் பார்த்த வாஸ்குலைட்டிஸ் தனி நோய். நம் எதிர்ப்பு சக்தியே ரத்தக்குழாயின் சுவரைத் தாக்கும். காலில் தடவினால் கைக்குத் தட்டுப்படுகிற ஊதாப் புள்ளிகள் வரலாம், சிலருக்கு ஒரு கையில் நாடியே கிடைக்காமல் போகலாம். டாகயாசு என்ற வகையை நம் ஊர் இளம்பெண்களிடம் பார்க்கிறோம். கவுட் அந்த நோய் அல்ல.

கவுட்டில் நடப்பது வேறு. ரத்தக்குழாயின் உள்பூச்சு, அதாவது எண்டோதீலியம், ஆரோக்கியமாக இருக்கும்போது தாமரை இலை மாதிரி. ரத்தம் அதன் மேல் ஓடும், எதுவும் ஒட்டாது. உடம்பில் எங்கே அழற்சி மூண்டாலும் அந்த இலை கொஞ்சம் பிசுபிசுப்பாகிவிடும். வெள்ளை அணுக்கள் ஒட்டும், சுவருக்குள் நுழையும். அங்கே ஏற்கெனவே கொழுப்புப் படிவு இருந்தால் அதன் மூடி மெலியும். ஒருநாள் மூடி வெடிக்கும், அதன் மேல் ரத்தம் உறையும். அதுதான் ஹார்ட் அட்டாக்.

இனி கால் விரலுக்கு வருவோம். யூரிக் ஆசிட் ரத்தத்தில் கரைந்திருக்க ஓர் எல்லை உண்டு. உடல் சூட்டில் டெசிலிட்டருக்குச் சுமார் 6.8 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் மெல்ல மெல்ல ஊசி ஊசியாக உப்புப் படிகமாகிறது. குளிர்ந்த இடத்தில் சீக்கிரம் படியும், அதனால்தான் கால் விரல். அந்தப் படிகத்தை நம் வெள்ளை அணு விழுங்கும்போது அதற்குள் இருக்கிற ஓர் எச்சரிக்கை அமைப்பு தட்டி எழுப்பப்படுகிறது. பெயர் என்.எல்.ஆர்.பி.3 இன்ஃப்ளமசோம். படிகத்துக்கும் அதற்கும் உள்ள தொடர்பை 2006-ல்தான் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து இன்டர்லூக்கின் 1 பீட்டா என்ற பொருள் வெளியே வரும். "தீப்பிடித்துவிட்டது, எல்லோரும் வாருங்கள்" என்று உடம்பு முழுக்கத் தண்டோரா போடுகிற பொருள் அது. விரலில் சிவப்பும் வலியும் அதனால்தான். ஆனால் அந்தத் தண்டோரா விரலோடு நிற்பதில்லை. கவுட் முற்றியிருக்கும் நாளில் சி.ஆர்.பி. என்ற, அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையை எடுத்துப் பாருங்கள், நிமோனியா காய்ச்சல்காரர் அளவுக்கு ஏறியிருக்கும். அந்த ரத்தம்தான் இதயத்துக்கும் போகிறது.

போஸ்ட்மாஸ்டர் ஐயா, உங்கள் சாம்பார் பற்றி மாலை எழுதுகிறேன். ஓ.பி.க்கு நேரமாகிவிட்டது.

எண்ணிக்கை · திங்கள், காலை 10:20

நான் மருத்துவர் இல்லை, புள்ளியியல் படித்தவன். பனையோலை சொன்ன இயக்கம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கவுட் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் பி.பி.யும் உண்டு, எடை அதிகம், சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருக்கும், சிலருக்குச் சர்க்கரை. இவை எல்லாமே இதயத்துக்குக் கெடுதி. கவுட்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று. யூரிக் ஆசிட்டைக் குறைத்தால் இதயம் காப்பாற்றப்படுமா என்று பிரிட்டனில் நேரடியாகவே சோதித்தார்கள். ஆல்-ஹார்ட், 2022. இதய ரத்தக்குழாய் நோய் உள்ள, 60 வயது தாண்டிய 5,721 பேர். பாதிப் பேருக்கு யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரை. கிட்டத்தட்ட ஐந்து வருடம் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் சேர்த்து மாத்திரை போட்ட பக்கம் 11.0 சதவீதம், போடாத பக்கம் 11.3. வித்தியாசமே இல்லை.

காவிரிக்கரை · திங்கள், மதியம் 1:05

டாக்டர், தாமரை இலை உதாரணத்தை அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். கேட்டுக்கிட்டே கட்டைவிரலைத் தடவிக்கிட்டு இருந்தார். ரொம்ப நன்றி. எண்ணிக்கை சொல்றதும் நியாயமாத்தான் படுது. அப்ப ஜைலோரிக், அதாவது அந்த அலோபியூரினால் மாத்திரை, போட்டு என்ன பிரயோஜனம்?

பனையோலை · திங்கள், இரவு 8:40

எண்ணிக்கை கேட்டது சரியான கேள்வி. ஆல்-ஹார்ட் முடிவை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள் என்று பாருங்கள். கவுட் வந்திருந்தவர்களை ஆரம்பத்திலேயே விலக்கிவிட்டார்கள். படிகமே இல்லாதவரிடம் படிகத்தைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்து இதயத்துக்குப் பலன் தேடினார்கள். கிடைக்கவில்லை. கவுட் இல்லாமல் யூரிக் ஆசிட் எண் மட்டும் ஏறியவருக்கு, இதயத்துக்காக என்று மாத்திரை கொடுக்க வேண்டாம். அந்த ஆய்வு சொல்வது அவ்வளவுதான். "மாஸ்டர் செக்கப்பில் யூரிக் ஆசிட் 7.4, உடனே மாத்திரை" என்று வருகிறவர்களிடம் நானும் அதையேதான் சொல்கிறேன்.

காவிரிக்கரையின் அப்பா கதை வேறு. அவருக்குத் தீ பற்றியது.

அதே 2022-ல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தினர் இங்கிலாந்தின் மருத்துவப் பதிவேடுகளில் 62,574 கவுட் நோயாளிகளை எடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களில், அதற்கு முந்தைய 60 நாளுக்குள் கவுட் வலி வந்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. 61 முதல் 120 நாள் வரை ஒன்றரை மடங்கு. நான்கு மாதம் தாண்டினால் அந்த வித்தியாசம் தேய்ந்துவிடுகிறது.

எடை, பி.பி. என்று நீங்கள் எழுப்பிய சந்தேகம் அவர்களுக்கும் இருந்தது. அதனால் இன்னொரு கணக்கும் போட்டார்கள். 1,421 பேரை எடுத்து, ஒவ்வொருவரையும் அவரோடே ஒப்பிட்டார்கள். வலிக்கு முந்தைய மாதங்களில் அதே மனிதர், வலிக்குப் பிந்தைய மாதங்களில் அதே மனிதர். எடையும் பீடியும் பரம்பரையும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். அப்போதும் வலிக்குப் பிந்தைய இரண்டு மாதம் தனியாக உயர்ந்து நிற்கிறது.

ஐந்தாவது வாரம் என்று எழுதியிருந்தீர்களே, படித்தபோது மனசு கனத்துவிட்டது. அது அந்த 60 நாளுக்குள் வருகிறது. உங்கள் அப்பாவுக்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. 90 சதவீத அடைப்பு ஐந்து வாரத்தில் வளராது. பல வருடம் வளர்ந்ததை அந்த வாரங்கள் உடைத்திருக்கலாம்.

எண்ணிக்கை · திங்கள், இரவு 9:30

அதே மனிதரோடு ஒப்பிட்ட கணக்கை நான் கவனிக்கவில்லை. அது வலுவான முறை, ஏற்கிறேன்.

இரண்டு விஷயம் மட்டும் சொல்லியாக வேண்டும். ஒன்று, அந்த ஆய்வில் மாரடைப்போ பக்கவாதமோ வந்த 10,475 கவுட்காரர்களில், முந்தைய 60 நாளில் வலி பதிவானவர்கள் 204 பேர். அதாவது 2 சதவீதம். மீதி 98 சதவீதத்துக்கு அந்த நாட்களில் வலி பதிவாகவே இல்லை. கால் வீங்கியவர்கள் எல்லாம் இதைப் படித்துவிட்டுத் தூங்காமல் இருக்கக்கூடாது.

இரண்டு, வலி வந்தவர் சும்மா இருக்க மாட்டார், வலி மாத்திரை போடுவார். டைக்ளோஃபெனாக்கே மாரடைப்பு அபாயத்தைக் கூட்டும். அப்படியானால் குற்றவாளி அழற்சியா, மாத்திரையா?

மருந்தாளுநர் · திங்கள், இரவு 10:15

இதுக்கு நான் பதில் சொல்லியே ஆகணும். 17 வருஷமா கவுண்டரில் நிக்கிறேன். நொண்டிக்கிட்டே ஒருத்தர் வருவார், சீட்டு இருக்காது, "போன தடவை கொடுத்தீங்களே அந்த மாத்திரை"ன்னு பழைய பட்டையின் வெட்டின துண்டைக் காட்டுவார். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப். நெஞ்சில் ஸ்டென்ட் இருக்கான்னு கேட்டா கோபம் வரும். நான் கேட்காம விட்ட நாளும் உண்டு. இந்த இழையைப் படிச்சதிலிருந்து அது மனசை அரிக்குது.

காவிரிக்கரை, உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். அப்பாவோட பி.பி. மாத்திரைப் பட்டையை எடுத்துப் பாருங்க. பேருக்குப் பின்னாடி "எச்"ன்னு ஒரு எழுத்து இருக்கா?

காவிரிக்கரை · திங்கள், இரவு 10:31

இருக்கு! டெல்மிசார்ட்டன் 40, பக்கத்தில் எச். ஒன்பது வருஷமா இதைத்தான் போடுறார். அது என்ன?

மருந்தாளுநர் · திங்கள், இரவு 10:44

ஹைட்ரோகுளோரோதயசைடு. சிறுநீரை அதிகம் போக வைக்கிற மருந்து. நல்ல பி.பி. மருந்துதான், குறை சொல்லலை. ஆனா யூரிக் ஆசிட்டைச் சிறுநீரகம் வெளியே தள்ளவிடாம பிடிச்சு வைக்கும். கவுட் இருக்கிறவருக்கு வேற மருந்து இருக்கான்னு டாக்டர் யோசிக்கலாம். லோசார்ட்டன்னு ஒண்ணு இருக்கு, அது யூரிக் ஆசிட்டைக் கொஞ்சம் இறக்கவே செய்யும். நீங்களா நிறுத்தாதீங்க. பட்டையை அப்படியே எடுத்துக்கிட்டுப் போய்க் காட்டுங்க. ஸ்டென்டுக்குக் கொடுக்கிற ஆஸ்பிரின் 75 கூட யூரிக் ஆசிட்டை லேசா ஏத்தும். அதைக் கவுட்டுக்காக நிறுத்தவே கூடாது, அது உயிர் மருந்து.

பனையோலை · செவ்வாய், காலை 6:20

மருந்தாளுநருக்கு நன்றி. இதைத்தான் நானும் கேட்க இருந்தேன்.

எண்ணிக்கையின் இரண்டாவது கேள்விக்கு: வலி மாத்திரையின் பங்கை முழுசாகப் பிரித்தெடுக்க முடியாது. இரண்டும் சேர்ந்தே நடக்கும். ஆனால் அழற்சிக்குத் தனிப் பங்கு உண்டு என்பதற்கு வேறு திசையிலிருந்து ஒரு சாட்சி இருக்கிறது.

2017-ல் வந்த கேன்டோஸ் ஆய்வு. மாரடைப்பு வந்து, சி.ஆர்.பி. குறையாமல் இருந்த 10,061 பேர். கொழுப்பைத் தொடவில்லை, பி.பி.யைத் தொடவில்லை. நான் மேலே சொன்ன அந்தத் தண்டோராக்காரனை, இன்டர்லூக்கின் 1 பீட்டாவை மட்டும் வாயடைக்கும் ஊசியைப் போட்டார்கள். கனகினுமாப் என்று பெயர். மறுபடி மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் 15 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வில் யூரிக் ஆசிட் அளவு துளியும் மாறவில்லை, ஆனால் கவுட் வலி வருவது பாதிக்கும் கீழே இறங்கியது. ஒரே பூட்டு, இரண்டு கதவும் மூடிக்கொண்டன. விரலுக்கும் இதயத்துக்கும் நடுவில் ஓடும் நூல் எது என்று எனக்குப் புரிய வைத்த ஆய்வு அதுதான்.

அந்த ஊசி நமக்கு வேண்டாம். விலை எட்டாது, தொற்று நோயால் இறந்தவர்களும் அதில் கொஞ்சம் அதிகம். ஆனால் அழற்சியை அடக்கும் பழைய, மலிவான மாத்திரை ஒன்று கவுட்டுக்கே இருக்கிறது: கொல்சிசின்.

2019-ல் கனடாவில் மான்ட்ரியலைத் தலைமையிடமாகக் கொண்ட கோல்காட் ஆய்வில், மாரடைப்பு வந்து ஒரு மாதத்துக்குள் 4,745 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்குத் தினம் அரை மில்லிகிராம் கொடுத்தார்கள். இதயப் பாதிப்புகள் 23 சதவீதம் குறைந்தன. அடுத்த வருடம் லோடோகோ2, நாள்பட்ட இதய நோயாளிகள் 5,522 பேர், 31 சதவீதம். 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதயத்துக்கென்றே அரை மில்லிகிராம் கொல்சிசினை அனுமதித்தது. எண்ணிக்கை சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: 2024-ல் வந்த கிளியர் ஆய்வில் 7,062 பேர், மாரடைப்பு வந்த உடனே கொடுத்துப் பார்த்தார்கள், பலன் தெரியவில்லை. எனவே வாதம் முடியவில்லை.

மூலனூரான் · செவ்வாய், காலை 9:05

டாக்டருங்க, கொல்சிசின்னு சொன்னதும் எட்டிப் பாத்தனுங்க. அது எங்க காட்டுல வெளையறதுங்க. கண்வலிக் கிழங்கு. செங்காந்தள்னு சொன்னா எல்லாத்துக்கும் தெரியும், நம்ம மாநிலப் பூவு. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் சுத்துவட்டாரத்துல நெறையா பேரு போட்டிருக்கோமுங்க. ஆடியில கிழங்க நட்டு, பந்தல் போட்டு ஏத்தியுடோணும். பூத்துச்சுன்னா தெனம் வெடியால போயி ஒவ்வொரு பூவா கையிலயே மகரந்தத்தத் தொட்டு வெக்கோணுமுங்க, தானா அவ்வளவா காய் புடிக்காது. காய் பழுத்ததும் பறிச்சு, காயவெச்சு வெதையப் பிரிப்போம். வெதை வெளிநாட்டுக்குப் போயி மருந்தாகுதுன்னு தெரியும். எந்த மருந்துன்னு இன்னைக்குத்தானுங்க வெவரமாத் தெரிஞ்சுது. எங்கப்பனுக்கும் கால்வெரல் வீக்கம் உண்டுங்க.

நெல்மணி · செவ்வாய், காலை 9:40

அப்படியானால் மாத்திரை எதற்கு? கிழங்கையே சுத்தி செய்து கொஞ்சம் சாப்பிட்டால் போதாதா? இயற்கையானது தானே?

வடமராட்சி · செவ்வாய், காலை 10:02

தயவுசெய்து வேண்டாம். நான் யாழ்ப்பாணத்தில தாதியா வேலை செய்யிறன். எங்கட பக்கம் இதைக் கார்த்திகைப்பூ எண்டு சொல்லுவினம். கிழங்கு பாக்க வத்தாளங்கிழங்கு (சர்க்கரைவள்ளி) மாதிரி இருக்கும், பிழையா அவிச்சுச் சாப்பிட்டு வந்த ஆக்களும் இருக்கினம், சாக வேணும் எண்டே சாப்பிட்டு வந்த ஆக்களும் இருக்கினம். முதல் சில மணித்தியாலத்தில சத்தியும் (வாந்தி) வயித்தோட்டமும். பிறகு கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருக்கும், சொந்தக்காரர் சந்தோசப்படுவினம். அதுக்குப் பிறகுதான் எலும்பு மச்சை வேலை நிக்கும், சிறுநீரகம் நிக்கும். தப்பினவைக்கு ரெண்டாம் கிழமையில தலைமயிர் கொத்துக் கொத்தாக் கொட்டும். ஒரு பிள்ளையின்ர தலையணையில அந்த மயிரைப் பாத்தனான், இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. இதுக்கு முறிமருந்து எங்களிட்டை இல்லை. ஒரு கிழங்கில எவ்வளவு நஞ்சு எண்டு நாக்காலயும் கண்ணாலயும் அளக்க ஏலாது. மாத்திரை எண்டால் அரை மில்லிகிராம் எண்டு எழுதிக் கிடக்கும்.

மூலனூரான் · செவ்வாய், காலை 10:30

அக்கா சொல்றது நூத்துக்கு நூறு நெசமுங்க. எங்க காட்டுப் பக்கம் கொழந்தைகள உடமாட்டோம், ஆடு கூட மேய உடமாட்டோம். வெதைய உதிர்த்துப்போட்டு சோப்புப் போட்டுக் கை கழுவாம சோத்துல கை வெக்க மாட்டோமுங்க.

பனையோலை · செவ்வாய், இரவு 9:00

வடமராட்சி எழுதியதற்கு மேல் நான் சேர்க்க எதுவும் இல்லை. மாத்திரையிலும் கவனம் வேண்டும். முன்பெல்லாம் வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கு ஒன்று என்று கொடுப்பார்கள். அது தேவையில்லை, குறைந்த அளவே அதே பலன் தரும் என்று 2010-லேயே நிரூபித்துவிட்டார்கள். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். சளிக்கு எழுதும் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு சேர்ந்தால் கொல்சிசின் ரத்தத்தில் தேங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஸ்டென்ட் வைத்தவர்கள் எல்லோரும் போடும் கொழுப்பு மாத்திரையோடு சேர்ந்து சிலருக்குத் தசை வலி வரும். தொடை வலிக்கிறது, மாடிப்படி ஏற முடியவில்லை என்றால் உடனே சொல்ல வேண்டும்.

இனி போஸ்ட்மாஸ்டர் ஐயாவின் சாம்பார். ஐயா, இன்றே சாப்பிடுங்கள். 2004-ல் அமெரிக்காவில் 47,150 ஆண்களைப் பன்னிரண்டு வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு வந்தது. இறைச்சியும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கவுட் கூடியது. பருப்பு, கீரை, காலிஃபிளவர் போன்றவற்றால் கூடவில்லை. பால், தயிர் எடுத்தவர்களுக்குக் குறைந்தது. ஈரல், குடல், நெத்திலி, மத்தி, பியர், சர்க்கரை போட்ட பாட்டில் பானம், இவைதான் கையை இழுத்துக்கொள்ள வேண்டியவை. உணவு மட்டும் சரி செய்து 9.1-ஐ 6-க்குக் கீழே கொண்டுவர முடியாது. யூரிக் ஆசிட்டில் பெரும்பங்கு உடம்பே செய்வது.

பழைய_போஸ்ட்மாஸ்டர் · புதன், காலை 7:15

டாக்டர், எட்டு வருடம். இதைப் படித்துவிட்டு மனைவியிடம் காட்டினேன், அவள் ஒன்றும் பேசாமல் துவரம்பருப்பைக் குக்கரில் வைத்துவிட்டாள்.

எனக்கும் ஒரு கேள்வி. ஜைலோரிக் போட்டதும் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. அதனால் யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் இன்னொரு மாத்திரையான ஃபெபுக்ஸோஸ்டாட் கொடுத்திருக்கிறார்கள். எனக்கும் ஒரு ஸ்டென்ட் உண்டு. அந்த மாத்திரை இதயத்துக்கு ஆகாது என்று எங்கோ படித்தேன்.

பனையோலை · புதன், இரவு 8:10

இந்தக் கேள்விக்கு இரண்டு பெரிய ஆய்வுகள் இரண்டு பதில் சொல்கின்றன. கேர்ஸ், 2018: கவுட்டும் இதய நோயும் சேர்ந்து இருந்த 6,190 பேர். இதய மரணம் ஃபெபுக்ஸோஸ்டாட்டில் 4.3 சதவீதம், அலோபியூரினாலில் 3.2. அதை வைத்து 2019-ல் அமெரிக்காவில் கறுப்புப் பெட்டி எச்சரிக்கை, அதாவது மருந்துக்குப் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கை, போட்டார்கள். ஆனால் அந்த ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நடுவிலேயே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். 2020-ல் ஃபாஸ்ட்: பிரிட்டன், டென்மார்க், ஸ்வீடனில் 6,128 பேர், அங்கே அபாயம் கூடவில்லை. இதய நோய் உள்ளவருக்கு முதல் தேர்வு அலோபியூரினால்தான். உங்களுக்கு அது ஒவ்வாது என்றால் ஃபெபுக்ஸோஸ்டாட்டை இதய மருத்துவருக்குத் தெரிந்தே போடுங்கள், நீங்களாக விடாதீர்கள். அலோபியூரினாலை இனி எந்தக் காரணத்துக்கும் தொடாதீர்கள். ஒவ்வாமை அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். அந்த மருந்தின் கடும் ஒவ்வாமையில்தான் தோல் உரிதலும், சில சமயம் நிஜமான வாஸ்குலைட்டிஸும் வரும். புதிதாகத் தொடங்குபவர்கள் 100 மில்லிகிராமோ அதற்கும் குறைவாகவோ தொடங்குவது அதனால்தான். அரிப்பு, தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல், எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனை.

காவிரிக்கரைக்கு இன்னும் ஒன்று. யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் மாத்திரை தொடங்கிய முதல் மாதங்களில் படிகம் கரையும்போதே வலி வரும். "மாத்திரை போட்டும் வலிக்குதே" என்று நூற்றுக்கணக்கானவர்கள் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அதற்குத்தான் மூன்று முதல் ஆறு மாதம் துணைக்குச் சிறு அளவு கொல்சிசின் கொடுப்போம். வலி வந்த நாளில் யூரிக் ஆசிட் எடுத்தால் நார்மலாகக் கூடக் காட்டலாம், அதை நம்பி நோய் இல்லை என்று நினைக்கக்கூடாது. 2018-ல் நாட்டிங்ஹாமிலேயே 517 பேரிடம் ஒரு காரியம் செய்தார்கள். பாதிப் பேருக்கு நர்ஸ்கள் உட்கார்ந்து நோயை விளக்கினார்கள், கேள்விக்குப் பதில் சொன்னார்கள், மாத்திரை அளவைப் படிப்படியாக ஏற்றினார்கள். இரண்டு வருடத்தில் அவர்களில் 95 சதவீதம் பேர் யூரிக் ஆசிட் 6-க்குக் கீழே என்ற இலக்கை எட்டினார்கள். வழக்கமான வைத்தியத்தில் 30 சதவீதம். இரண்டு பக்கமும் கையில் இருந்தது ஏறக்குறைய அதே மருந்துகள்தான். வடமராட்சி போன்றவர்களின் கையில் இருக்கும் பலம் அது.

எண்ணிக்கை · புதன், இரவு 10:05

2019-ல் ஆஸ்திரியாவில் இரட்டை ஆற்றல் சி.டி. ஸ்கேன் எடுத்து, 59 கவுட்காரர்களில் 51 பேருக்கு ரத்தக்குழாய்ச் சுவரிலேயே யூரிக் ஆசிட் படிவைப் பச்சை நிறமாகக் காட்டினார்களே, அதைப் பற்றி உங்கள் கருத்து என்ன டாக்டர்?

பனையோலை · வியாழன், காலை 6:15

பார்த்தேன். அழகான படங்கள். ஆனால் துடிக்கும் இதயத்தைச் சுற்றி அந்தப் பச்சை பொய்யாகவும் விழும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நான் அதை வைத்து எந்த நோயாளிக்கும் எதுவும் சொல்வதில்லை. நீங்கள் இப்படிக் கேட்டுக்கொண்டே இருங்கள், இந்த இழைக்கு அது வேண்டும்.

காவிரிக்கரை · ஐப்பசி, சனிக்கிழமை, மாலை 5:30

மூணு மாசம் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும். உங்க எல்லார் பதிவையும் அப்பாவுக்குப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மாத்திரைப் பட்டை, பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் மஞ்சப்பையில் போட்டுக்கிட்டு இதய டாக்டரையும் மூட்டு டாக்டரையும் பார்த்தோம். "எச்" போயிடுச்சு, அந்த இடத்தில் லோசார்ட்டன். ஜைலோரிக் 100-ல் ஆரம்பிச்சு இப்ப 200. கூடவே கொல்சிசின் அரை மில்லிகிராம், சிறுநீரக டெஸ்ட் பார்த்துட்டுத்தான் எழுதினாங்க. மருத்துவமனை நோட்டின் முதல் பக்கத்தில், பி.பி.க்கு மேல, "கவுட், 12 வருஷம்"னு டாக்டரே சிவப்பு மையில் எழுதினார்.

ஆவணியில் ஒரு நாள் ராத்திரி விரல் லேசாச் சிவந்துச்சு. அம்மா பழக்கத்தில் மெடிக்கலுக்குக் கிளம்பினாங்க. அப்பாதான் "அது வேண்டாம், டாக்டருக்குப் போன் போடு"ன்னார். அவர் சொன்ன அளவில் கொல்சிசின், ஐஸ் ஒத்தடம், ரெண்டு நாளில் அடங்கிடுச்சு. ஜைலோரிக்கை நிறுத்தலை. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் நெஞ்சில் எது தோணினாலும் ஓமத் தண்ணி இல்லை, நேரா ஈ.சி.ஜி.ன்னு வீட்டில் முடிவு பண்ணிக்கிட்டோம். ஒண்ணும் வரலை.

அப்பா ஒரு நீள நோட்டு வாங்கி, மில்லில் பேரேடு எழுதின மாதிரியே ஸ்கேல் வச்சுக் கோடு போட்டிருக்கார். தேதி, யூரிக் ஆசிட், சி.ஆர்.பி., பி.பி., கால் வலி உண்டு இல்லை. 9.1, 7.8, 6.7. நேத்து எழுதினது 5.6. அதுக்குக் கீழே தை மாசத் தேதியைப் போட்டு, கட்டத்தைக் காலியா விட்டு வச்சிருக்கார்.